ஆறு மணி வரை உயிருள்ள பை

லேபில் பெட்டிக்குள் பையை வைத்ததைக் கேமரா பார்த்திருக்கிறது. பெட்டிக்கு சீல் போட்டதையும் பார்த்திருக்கிறது. அந்த சீல் உடையாமல்தான் பெட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. வெட்டித் திறந்தால், பை இல்லை.

"மாயமா மந்திரமா சித்தி?" என்று கேட்டேன்.

"வாயை மூடிட்டு வண்டியை நிறுத்து" என்றாள் சித்தி.

என் சித்தி துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். நான் அவளுடைய அக்கா மகன், முப்பத்து நாலு வயது, கார்டில் 'உதவியாளர்' என்று போட்டிருக்கிறது. டிரைவர், போட்டோகிராபர், திட்டு வாங்குபவர் என்ற மற்ற பதவிகளுக்குக் கார்டில் இடம் போதவில்லை.

மணி மூன்று ஐந்து. எங்களைக் கூப்பிட்டவர் அந்த ஆஸ்பத்திரியின் குளிர் அறைப் பொறுப்பாளர். ரத்தம், தடுப்பூசி, செல் பை என்று குளிரில் வைக்க வேண்டிய எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் அந்த வாசலைத் தாண்டாது. பதினோரு வருஷத்தில் ஒரு தப்பு கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியே அவரைக் 'கறார்' என்றுதான் கூப்பிடும். காணாமல் போன பை அவருடைய சொந்த அக்காவின் உடம்புக்குள் போக வேண்டியது.

அந்த அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சித்திக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். சித்தி இரண்டு தடவை டெஸ்டில் தோற்றதற்கு அவர் பொறுப்பல்ல.

குளிர் அறை வாசலில் கறார் நின்றிருந்தார். ஐம்பது வயது, கசங்காத சட்டை, சிவந்த கண். பக்கத்தில் பெரிய டாக்டர். இந்தப் புதுச் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிற பொறுப்பு அந்த அம்மாவுடையது.

"போலீஸ் வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றார் டாக்டர். "புகார் எழுதி முடிக்கவே ஆறு மணி ஆயிடும். ஆறு மணிக்கு மேல அந்தப் பை கிடைச்சாலும் குப்பைதான்."

"ஏன் ஆறு?" என்றாள் சித்தி.

"உள்ள இருக்கிறது உயிருள்ள செல். முந்தாநாள் இவரோட அக்கா ரத்தத்துலேர்ந்து எடுத்தது. அவங்களுக்கு லிம்போமா. ரத்தத்துல காவல் வேலை பார்க்கிற செல்லுங்களையே பிடிக்கிற புற்று. மூணு விதமான மருந்து குடுத்தாச்சு, மூணு தடவையும் திரும்பி வந்திடுச்சு. அதனால நல்லா இருக்கிற காவல் செல்லை எடுத்து, புற்றை அடையாளம் காட்டிப் பழக்கி, மறுபடியும் உள்ள அனுப்பறோம்."

"போட்டோ குடுத்து ஆளைத் தேடச் சொல்ற மாதிரி" என்றேன்.

"அதேதான். பழைய முறையில இதுக்கு ஒரு மாசம் ஆகும், வெளியிலயே செல்லைப் பெருக்கணும். புது முறையில ரெண்டே நாள். கொஞ்சமாக் குடுப்போம், பெருகற வேலையை உள்ள போய் அதுங்களே பார்த்துக்கும். இந்த ஆஸ்பத்திரியில இவங்கதான் முதல் ஆள்."

"மறுபடியும் ரத்தம் எடுத்து செய்ய முடியாதா?"

டாக்டர் கறாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். "கட்டி மூச்சுக்குழாயை அழுத்த ஆரம்பிச்சிடுச்சு. இன்னொரு தடவை எடுக்க அவங்க உடம்புல தெம்பு இல்ல. இந்தப் பை போச்சுன்னா என்கிட்ட வேற எதுவும் இல்லைங்க."

அதற்குள் வார்டிலிருந்து போன் வந்து டாக்டர் ஓட்டமும் நடையுமாகப் போனார். கறார் சித்தியின் பக்கம் திரும்பினார்.

"வண்டிக்காரன்தான் மேடம். லேபுலேர்ந்து இங்க இருபத்தஞ்சு நிமிஷம். அவன் முப்பத்தொன்பது நிமிஷத்துல வந்திருக்கான். பதினாலு நிமிஷம் என்ன பண்ணினான்? கேட்டா டிராபிக்குங்கறான். எங்க அக்கா உசிரை எவன்கிட்டயோ வித்துட்டான்!"

"சீல் உடையலையே?"

"திருடனுக்கு ஒரு சீல் பெரிய விஷயமா மேடம்?"

"அதை வெட்டினது யாரு?"

"நானேதான். ஒன்னு பத்துக்கு."

"கூட யாரு இருந்தாங்க? ரெண்டு பேர் பார்த்துத் திறக்கணும்னு சுவத்துல எழுதி வச்சிருக்கீங்களே."

உள்ளே ரத்தப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். கறாருக்குக் கீழே ஆறு வருஷமாக வேலை பார்ப்பவராம்.

"பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தீங்களா?" என்றாள் சித்தி.

"அண்ணன் காலின்னாரு. கையெழுத்துப் போட்டேன்."

"பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"அண்ணனே பார்த்துட்டாரே மேடம்!"

நான் சிரித்துவிட்டேன். சித்தி என் காலை மிதித்தாள். அவள் கையில் கறாரின் ரிஜிஸ்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த மாதிரி அழகான எழுத்து. பெட்டி எண், சீல் எண், வந்த நேரம், உள்ளே இருந்த குளிர், ஐஸ் பேக் ஐந்து, பை இல்லை. கையெழுத்து ஒன்று, கையெழுத்து இரண்டு.

"அந்தப் பை பார்க்க எப்படி இருக்கும்?" என்றாள் சித்தி.

"என்னையா கேக்கறீங்க? கண்ணைக் கட்டி விட்டாலும் கண்டுபிடிப்பேன்" என்றார் கறார். "தகட்டு உறைக்குள்ள கல்லா உறைஞ்சிருக்கும். பெட்டியைத் திறந்தாப் புகை வரும். உருக வச்சா, பால் பாத்திரம் அலசின தண்ணி மாதிரி கலங்கலா இருக்கும். பதினோரு வருஷமா இந்தக் கையிலதான் வாங்கறேன். இந்த அறையை மூணு தடவை சலிச்சுட்டேன் மேடம். இங்க இல்ல."

சித்தி ரிஜிஸ்டரை மூடவில்லை. விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, "வண்டிக்காரர் எங்க?" என்றாள்.

வண்டிக்காரரைப் பின்பக்க நிறுத்தத்தில் இரண்டு காவலாளிகள் உட்கார வைத்திருந்தார்கள். வேகத்துக்குப் பேர் போனவர் என்பதால் 'ராக்கெட்' என்று பட்டப்பெயர். இப்போது அந்த ராக்கெட் தன் பைக்குக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தது. இடது கன்னம் சிவந்திருந்தது. கறாரின் கைவேலை என்று கேட்காமலே தெரிந்தது.

நாங்கள் போவதற்குள் கறார் முந்திக்கொண்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "சொல்லுடா! எங்கடா வச்சிருக்க?"

"விடுங்க அண்ணே" என்று நான் நடுவில் புகுந்தேன். என் உடம்பு அகலத்துக்கு நடுவில் புகுந்தால் இரண்டு பேரும் தானாகப் பிரிந்துவிடுவார்கள். சித்தி என்னை வேலைக்கு வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சித்தி வண்டிக்காரரின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "டிராபிக்னு சொன்னீங்களாம். எந்த ரோட்டுல?"

"பெரிய பாலத்துக்கிட்ட."

"பாலத்து மேலயா, கீழயா?"

"மே... கீழ."

"ஒரே நேரத்துல மேலயும் கீழயும் மாட்டிக்கிட்டீங்களா?" என்றேன் நான்.

சித்தி பைக்கின் பெட்டியைப் பார்த்தாள், தரையில் கிடந்த கையுறையைப் பார்த்தாள், கடைசியாக அவர் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள். "சர்க்கரையா?"

வண்டிக்காரரின் முகம் வாடிவிட்டது. "கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் மேடம். பெட்டியோட கிளம்பினா வழியில எதுக்கும் நிறுத்தக் கூடாதுன்னு ரூல். என்னால அடக்க முடியல. பெட்ரோல் பங்க்ல பாத்ரூமுக்குப் போனேன்."

"பெட்டியை வெளியில விட்டுட்டா?"

"அய்யோ, இல்ல! உள்ளயே தூக்கிட்டுப் போயிட்டேன். கீழ வைக்க மனசு வரல. சாப்பிடற சாமான் இல்ல, ஒருத்தர் உசிராச்சே. அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டே..."

"போதும், போதும், புரிஞ்சிடுச்சு" என்றேன்.

கறார் மட்டும் நம்பவில்லை. "நடிக்கிறான் மேடம்!" என்று கத்தினார். "மணி மூணு நாப்பது ஆச்சு. மாடியில எங்க அக்கா மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருக்கு. எனக்கு அவதான் எல்லாம். எங்க அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தது அவதான். இவன்கிட்டப் போய் நயமாப் பேசிக்கிட்டிருக்கீங்க!"

எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. சித்தி போனை எடுத்து லேபுக்கு அடித்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். பெட்டியைக் கட்டிய பெண்தான் எடுத்தாள். அழுது அழுது மூக்கடைத்த குரல்.

"நான் வச்சேங்க. சத்தியமா வச்சேன். கேமராவுலயும் இருக்கு."

"நம்பறேம்மா. எனக்கு வேற ஒரு விஷயம் வேணும். பெட்டிக்குள்ள ஐஸ் பேக் எத்தனை வச்சே?"

"நாலு."

"எண்ணினியா?"

"எண்ண வேண்டியதே இல்லைங்க. பக்கத்துக்கு ஒன்னு, நாலு பக்கம், நாலு பேக். நடுவுல பை. அஞ்சாவதுக்கு அதுல இடமே கிடையாது."

சித்தி ரிஜிஸ்டரைத் திறந்து, விரல் இருந்த இடத்தைக் கறாரின் கண் முன்னால் பிடித்தாள்.

ஐஸ் பேக் ஐந்து.

"எண்ணினீங்களா?" என்றாள்.

"நான் எண்ணாம எழுத மாட்டேன்" என்றார் கறார். இன்னும் அவருக்குப் புரியவில்லை.

"அம்மா, இன்னொன்னு" என்றாள் சித்தி போனில். "அந்தப் பை பார்க்க எப்படி இருக்கும்?"

"தண்ணி மாதிரி இருக்குங்க. பழைய முறையில கலங்கலா வரும். இதுல செல் ரொம்பக் கம்மி, வெறும் கண்ணுக்கு ஒன்னுமே தெரியாது. உறைய வைக்கிறதும் இல்ல, அதனால தகட்டு உறை, புகை எதுவும் கிடையாது. கையகலப் பை, ஒரு கவர், மேல நம்பரும் சூட்டைக் காட்டற பொட்டும் ஒட்டியிருக்கும். சோதனைங்கறதால பேர் போட மாட்டோம். இதெல்லாம் போன வாரமே சர்க்குலர் அனுப்பினோமே. குளிர் அறைப் பொறுப்பாளர் 'படித்துப் புரிந்துகொண்டேன்'னு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்காரே!"

கறாரின் கை வண்டிக்காரரின் பைக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"மாசத்துக்கு நாப்பது சர்க்குலர் வருது" என்றார், யாரிடமோ சொல்வது போல. "படிக்கிறதில்ல. கையெழுத்து மட்டும் போட்டு... வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேனே. சுத்தமான தண்ணி. லேபோட ஐஸ் பேக்குலயும் நம்பர் இருக்கும், பொட்டு இருக்கும். ஐஸ் பேக்குனு நினைச்சு..."

"திருடன் யாரும் இல்ல" என்றாள் சித்தி. அவள் குரலில் கோபம் இல்லை. ஆனால் மிச்சம் வைக்கவும் இல்லை. "பையைப் பெட்டியிலேர்ந்து எடுத்து வச்சது நீங்கதான். இப்ப அழாதீங்க, அதுக்கு நேரம் இல்ல. வந்த ஐஸ் பேக்கை எல்லாம் எங்க போடுவீங்க?"

"மூடி போட்ட தொட்டியில, குளிர் அறையிலயே. மூணரை மணி தள்ளுவண்டியில ஐஸ் ரூமுக்குப் போயிடும்."

"அங்க என்ன செய்வாங்க?"

"ஃப்ரீசர்ல..." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு ஃப்ரீசர்ல அடுக்குவாங்க."

"உறையக் கூடாதுங்க!" என்று போனுக்குள்ளிருந்து அந்தப் பெண் அலறினாள். "உறைஞ்சா அத்தனை செல்லும் செத்துடும்!"

மணி மூன்று ஐம்பது.

ஐஸ் ரூம் அடுத்த கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. கறார் ஓடினார். அவர் பின்னால் வண்டிக்காரரும் ஓடினார், அடி வாங்கியவர் எதற்கு ஓடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் ஓடிய அழகை விவரிக்க விரும்பவில்லை. லிப்ட் ஆறாவது மாடியில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்றது. வராந்தாவிலும் படிக்கட்டிலுமாக ஒரு சக்கர நாற்காலி, இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர், கண்டபடி திட்டிய ஒரு நர்ஸ் எல்லாவற்றையும் தாண்டினோம்.

ஐஸ் ரூமில் ஒரு அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டி காலி. ஃப்ரீசரின் பச்சை விளக்கு எரிந்தது.

"நாலு மணி ஆகலையே!" என்றார் கறார்.

"சீக்கிரமே முடிச்சிட்டேன். வீட்டுக்குப் போக வேணாமா?" என்றார் அந்த அம்மா.

கறார் ஃப்ரீசரின் கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் அறைந்தது. லேபின் பேக்குகள் மேல்தட்டில் வரிசையாக இருந்தன. அவர் வெறும் கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நான்கும் கெட்டியான ஜெல். தட்டைத் தடவினார், கீழ்த்தட்டைத் தடவினார், வேறு எதுவும் இல்லை. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொன்னு எங்கம்மா?" என்றாள் சித்தி. அவளுக்கே மூச்சு வாங்கியது. "இதுகூட அஞ்சாவதா ஒன்னு வந்திருக்கணும்."

"அந்த லொடலொடப் பையா?"

எங்கள் நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்தது.

"அது ஐஸ் பேக்கே இல்ல" என்றார் அந்த அம்மா. "ஐஸ் பேக் கையில எடுத்தா மாவு பிசைஞ்ச மாதிரி கிண்ணுனு இருக்கும். இது சும்மா தண்ணி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுது. தண்ணியை ஃப்ரீசர்ல வச்சா வெடிச்சுத் தொலைக்கும், அப்புறம் தட்டைச் சுரண்டறது யாரு? எனக்கு வேற வேலை இல்லையா? அதான் தொட்டியிலேர்ந்து எடுத்ததும் நேரா அந்தத் தடுப்பூசி ஃப்ரிட்ஜ்ல வச்சேன். யாராவது தேடி வந்தாக் குடுக்கலாம்னு."

வண்டிக்காரர்தான் முதலில் போய் அந்த ஃப்ரிட்ஜைத் திறந்தார். நடுத்தட்டில், தடுப்பூசி டப்பாக்களுக்குப் பக்கத்தில், கையகலத்தில் தண்ணீர் போல ஒரு பை. பொட்டு வெள்ளையாகவே இருந்தது. சூடு பட்டிருந்தால் சிவந்திருக்கும்.

எனக்கு அந்த அம்மாவின் காலில் விழலாம் போலிருந்தது. "அம்மா, நீங்க சோம்பேறியா இருந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றேன். அவர் என்னை முறைத்தார்.

கறார் பையைத் தொடவில்லை. "நீயே எடுத்துக்கிட்டு வா" என்றார் வண்டிக்காரரிடம், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல். "என் கை வேணாம்."

பெரிய டாக்டர் நம்பரைச் சரிபார்த்தார். ஒரு துளி எடுத்துச் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் கறார் வராந்தா சுவரைப் பார்த்தபடியே நின்றார். சித்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கவில்லை. ஐந்துக்குக் கதவு திறந்தது.

"உயிரோட இருக்கு. குடுக்கலாம்" என்றார் டாக்டர்.

வார்டில் அந்த அக்கா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கழுத்தின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. சித்தியைப் பார்த்ததும், "லைசென்ஸ் வாங்கிட்டியா இல்லையாடி?" என்றார், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியபடி.

"வாங்கிட்டேன் அக்கா" என்று சித்தி பச்சையாகப் பொய் சொன்னாள். அவள் கண் கலங்கியதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

நர்ஸ் பையைக் கம்பியில் மாட்டினாள். "குளிர் அறையில பையை வாங்கினவர் நம்பரைச் சத்தமாப் படிக்கணும். நான் மணிக்கட்டுப் பட்டையில பார்த்துச் சொல்வேன். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் குழாயைத் திறப்பேன்" என்றாள்.

கறார் கதவோரத்திலேயே நின்றார். "வேற யாராவது படிக்கட்டும்."

"என்னடா?" என்றார் அக்கா.

"நான்தான்க்கா." அவர் மறைக்கவில்லை. "யாரும் திருடல. உன் பையை ஐஸ் பேக்குனு நினைச்சு நான்தான் தூக்கிப் போட்டேன். அனுப்பின தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். ஐஸ் ரூம் அம்மா கவனிக்காம ஃப்ரீசர்ல வச்சிருந்தா உன்னை நானே கொன்னிருப்பேன். ஒன்னுமே செய்யாத ஒருத்தனை அடிச்சும் போட்டேன். என்னைப் படிக்கச் சொல்லாதக்கா."

அக்கா ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு டாக்டரைப் பார்த்தார். "இது வேலை செய்யுமாம்மா?"

"இருபத்தெட்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்" என்றார் டாக்டர். "சில பேருக்குச் செய்யுது. சில பேருக்குச் செய்யறதில்ல. பொய் சொல்ல மாட்டேன்."

"கேட்டுக்கிட்டியாடா?" அக்கா தம்பியின் பக்கம் திரும்பினார். "இங்க வா. கிட்ட வா. செய்யலைன்னா, அது இன்னைக்கு நீ பண்ணின கூத்தால இல்ல. எனக்கு வந்த வியாதியால. அதை நான் இருக்கிறப்பவே சொல்லிடறேன். அப்புறம் நீ உக்காந்து உன்னையே தின்னுக்கிட்டிருந்தா, வேணாம்னு சொல்ல நான் இருக்க மாட்டேன். புரிஞ்சுதா?"

கறார் தலையை மட்டும் ஆட்டினார்.

"புரிஞ்சுதுன்னா கண்ணைத் துடை. துடைச்சிட்டு, அந்த நம்பரை ஒழுங்காப் பார்த்துப் படி."

அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையில் ஒட்டியிருந்த தாளைக் குனிந்து பார்த்தார். ஏழு என்றார். நர்ஸ் ஏழு என்றாள். பூஜ்யம். பூஜ்யம். மூணு. மூணு. கடைசி எண்ணில் குரல் நின்றுபோனது. அவர் அந்த நம்பரை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.